இடது பெட்டி

பாட்டிலிருந்து பாடுகிறவனை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று கனகவல்லி இதுவரை யோசித்ததில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து, மேஜையைத் துடைத்து, ஈரம் காய்வதற்குள் லேப்டாப்பை வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடிய இரண்டு நீலக் கோடுகளில் கீழே இருந்ததை அமுக்கினாள். வலது காதில் பாடிக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பையன் அடங்கிப்போனான். இடது காதில் டிரம்ஸும் பேஸ் கிதாரும் மட்டும், அவன் போனதே தெரியாத மாதிரி, தங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆள் வெளியே போன பிறகும் அறையில் ஓடிக்கொண்டிருக்கிற மின்விசிறி மாதிரி, என்று நினைத்தாள்; அந்த நினைப்பு பிடிக்காமல் திரும்பி உள்ளறையைப் பார்த்தாள். கட்டிலில் கணவர் சற்குணம் தூங்கிக்கொண்டிருந்தார். முகம் வலது பக்கம், சன்னலைப் பார்த்து. எப்போதும் வலது பக்கம்தான். சித்திரை மாதம் பக்கவாதம் வந்து குளியலறையில் விழுந்ததிலிருந்து அவருக்கு உலகத்தில் வலது பக்கம் மட்டும்தான் இருக்கிறது. கண் நன்றாக இருக்கிறது, காதும் நன்றாக இருக்கிறது, மூளைதான் இடது பக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது என்று டாக்டர் சொன்னபோது, அது ஏதோ வீட்டுக்கு வராத பேப்பர்காரனைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருந்தது. இன்றைக்கும் தட்டில் வலது பாதிச் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, போதும், பொரியல் இல்லையா என்றார். இடது பாதியில் பீன்ஸ் பொரியல் அப்படியே இருந்தது. தட்டைத் திருப்பி வைத்தாள். சாப்பிட்டார். அது பழகிவிட்டது. பழகாதது பாட்டுதான். அறுபதுகளில் ஸ்டீரியோ புதிதாக வந்தபோது வெள்ளைக்காரர்களுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை போலிருக்கிறது, பாட்டை நடுவில் அறுத்து, டிரம்ஸையும் பேஸையும் ஒரு ஸ்பீக்கர் பெட்டியில் போட்டார்கள், குரலையும் மற்ற கிதாரையும் இன்னொரு பெட்டியில் போட்டார்கள். இவர் வைத்திருக்கிற ரெக்கார்டுகள் பெரும்பாலும் அந்த மாதிரிதான். டிரம்ஸ் இடது பெட்டியில். இவருக்குப் பிடித்ததெல்லாம் இடது பெட்டியில். போன மாதம் ஒரு நாள் ஆசையாக ரெக்கார்டைப் போட்டு, அவரைக் கூடத்தில் உட்காரவைத்தபோது, கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "என்ன இது, கோயில்ல பாடற மாதிரி வெறும்ன பாடறான்" என்றார். "டிரம்ஸ் வருதுங்க" என்றாள். "எங்க வருது?" என்றார். பெட்டி அவர் இடது தோளுக்கு அருகில் அதிர்ந்துகொண்டிருந்தது.

அதனால்தான் இந்த வேலை. புனேயிலிருந்து மகள் சுபாஷிணி, லேப்டாப்பில் வயர் சொருகுகிற ரெக்கார்ட் பிளேயர் ஒன்றை அனுப்பி, வீடியோவில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள், இதை இப்படி இழுத்தால் இடதில் இருப்பது வலதுக்குப் போகும், அவ்வளவுதான் அம்மா. அவ்வளவுதான் இல்லை. எல்லாவற்றையும் வலதில் தள்ளினால் ஒரே பஸ்ஸில் ஏறிய கூட்டம் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி மிதிக்கிறது. பேஸ் குரலை விழுங்குகிறது. டிரம்ஸ் தகரம் மாதிரி கேட்கிறது. கொஞ்சம் கனத்தைக் குறைத்து, கொஞ்சம் பின்னால் தள்ளி, பாடுகிறவன் முன்னால் நிற்க, டிரம்ஸ் அவன் முதுகுக்குப் பின்னால் இருக்க, இப்படி இடம் பார்த்து உட்காரவைக்கக் கற்றுக்கொள்ளவே இத்தனை வாரம் ஆயிற்று. பிசியோதெரபிக்கு வருகிற பர்வீன் அதைப் பார்த்துவிட்டு, அவர் கையை மடக்கி நீட்டிக்கொண்டே, "ஆன்ட்டி, எல்லாத்தையும் நீங்களே அவரு வலது பக்கம் கொண்டுபோய்க் கொடுத்துட்டா, அப்புறம் இடது பக்கம் அவருக்கு எதுக்கு?" என்றாள். நல்ல பெண். கோபமாகச் சொல்லவில்லை. "இடது பக்கத்துலேருந்தே பேசுங்க, இடது பக்கத்துலேருந்தே சாப்பாடு கொடுங்க. கஷ்டமாத்தான் இருக்கும். அவரா தேடி வரணும்." தேடி வரணும். எதைத் தேடி வருவார்? இருப்பதே தெரியாததை யார் தேடுவார்கள்? அதைப் பர்வீனிடம் கேட்கவில்லை. காபி கொடுத்து அனுப்பினாள். ஒரு மனுஷன் எழுபத்துமூன்று வயதில் தனக்குப் பிடித்த டிரம்ஸைக் கேட்காமலே போய்விடுவாரோ என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. போய்விடுவாரோ. அந்த வார்த்தையில் போய் நிற்காதே என்று தன்னையே அதட்டிக்கொண்டு மறுபடியும் பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டாள்.

அந்த ரெக்கார்டுகள் ரெஜியுடையவை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இவரோடு ஒரே நாளில் ஃபிட்டராகச் சேர்ந்த ஆங்கிலோ இந்தியப் பையன், ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் கிறிஸ்துமஸ் டான்ஸ் நடந்தால் டிரம்ஸ் வாசிப்பவன். கல்யாணமான புதிதில் இவர் அவளை ஒரு தடவை அழைத்துப்போனார். பட்டுப்புடவையில் போய், ஆண்களும் பெண்களும் கட்டிப்பிடித்து ஆடுவதைப் பார்க்கக் கூச்சப்பட்டு, மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெஜி வாசிக்கும்போது வாயைத் திறந்துகொண்டு, எச்சில் விழுங்க மறந்தவன் மாதிரி இருந்தான். வீட்டுக்கு வந்தால் வாசலிலிருந்தே "சிஸ்டர், மீன் குழம்பு இருக்கா?" என்பான். குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போகிறபோது ரெக்கார்டுகளையும் இரண்டு பெட்டிகளையும் இவரிடம் விட்டுப் போனான். நாற்பது வருஷம் அந்தப் பெட்டிகளுக்கு நடுவில்தான் இந்த வீடு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர் இடது பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில், அவள் வலது பெட்டிக்குப் பக்கத்தில் அரிவாள்மனையை வைத்துக்கொண்டு. யார் சொல்லியும் அப்படி உட்காரவில்லை, சமையலறை அந்தப் பக்கம் இருந்தது. அவளுக்கு இங்கிலீஷ் பாட்டு ஒன்றும் விளங்காது. ஆனால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தபோது, ஒரு காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊர் முழுக்கக் கேட்ட குரல்களில், பேசுகிறவன் பொய் சொல்கிறானா, பயந்திருக்கிறானா, பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்பது பாஷை தெரியாமலே தெரிந்துவிடும். அதே மாதிரிதான் இந்தப் பாட்டையும் கேட்டாள். இந்தப் பையன் யாரையோ கெஞ்சுகிறான், அவள் வரமாட்டாள், அது அவனுக்கும் தெரியும். அதுதான் அந்தப் பாட்டு என்று நாற்பது வருஷமாக நினைத்திருந்தாள். இப்போது ஹெட்போனில் அவனை அடக்கிவிட்டு இடது பக்கத்தை மட்டும் கேட்டால், கெஞ்சலே இல்லை. ஒருவன் நிதானமாக, சந்தோஷமாக, கட்டையால் தட்டிக்கொண்டு நடந்து போகிறான். அவ்வளவுதான். இவர் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாரா? ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டு முடிந்ததும் இவர் சிரிப்பார், அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள், இவர் வெங்காயமா என்று கேட்பார். வெங்காயம்தான் என்பாள். ஒரே வீட்டில் ஒரே பாட்டு என்று நினைத்தோமே. நமக்குள் சண்டை வந்ததெல்லாம் கூட, மாமியார் இறந்த வருஷம் பேசாமல் இருந்த அந்த மாதங்கள்கூட, இப்படித்தானோ, அவர் ஒரு பெட்டியில், நான் ஒரு பெட்டியில். சரி, அதை விடு. அதையெல்லாம் இப்போது கிளறி என்ன ஆகப்போகிறது.

கை. கையைப் பற்றி நினைக்கக் கூடாது என்று நினைத்தாள், நினைத்ததுமே கை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம், போர்வைக்கு வெளியே கிடந்த தன் இடது கையை வலது கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது யாரோட கை?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார், இது யாரோட குடை என்கிற மாதிரி. உங்க கைதாங்க என்றாள். கல்யாண மோதிரத்தைக் காட்டினாள். மோதிரத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், "இல்ல. இது ரெஜி கை. விட்டுட்டுப் போயிருக்கான். வந்து கேட்டா கொடுத்துடு" என்றார். ரெஜி ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில், மாரடைப்பில் இறந்துபோய் இரண்டு வருஷமாயிற்று, போனில் செய்தி வந்தபோது ரிசீவரைக் காதோடு வைத்துக்கொண்டு அப்படியே நின்றவர் இவர்தான். டாக்டர் இதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தார், இந்த மாதிரி வியாதியில் இதுவும் வருவதுண்டு, பயப்படாதீர்கள் என்றார். பயப்படவில்லை. ராத்திரியில் அந்தக் கை அவள் பக்கம்தான் கிடக்கும், ஏனென்றால் கட்டிலில் அவள் எப்போதும் படுப்பது அந்தப் பக்கம். சூடாகத்தான் இருக்கும். பயப்பட அதில் ஒன்றும் இல்லை. பயம் அதில் இல்லை. பயம் அன்றைக்குச் சமையலறையிலிருந்து ஹார்லிக்ஸோடு வந்து, அவருடைய இடது பக்கம் நின்றாளே, அதில்தான் இருந்தது. "கனகம்" என்று கூப்பிட்டார், சன்னலைப் பார்த்து. இதோ என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? கை நீட்டினால் தொடுகிற தூரம். டம்ளரில் ஆவி வந்துகொண்டிருந்தது. "கனகம்" என்று மறுபடியும் கூப்பிட்டார். அவள் இல்லாத வீட்டில் அவர் எப்படிக் கூப்பிடுவார் என்று அவள் அப்போது பார்த்துக்கொண்டிருந்தாள். செத்துப்போனவர்கள் இப்படித்தான் வீட்டுக்குள் நிற்பார்கள் போலிருக்கிறது, எல்லாம் தெரியும், தொண்டையில் குரலும் இருக்கும், ஆனால் நிற்கிற பக்கம்தான் யாருக்கும் இருக்காது. கொஞ்ச நேரம் கழித்து அவர் குனிந்து, மடியில் கிடந்த அந்தக் கையிடம், அந்தக் கையிடம்தான், தணிந்த குரலில், "அவ போயிட்டாடா" என்றார். அவள் சமையலறைக்குத் திரும்பிப் போய், ஹார்லிக்ஸைத் தொட்டியில் கொட்டிவிட்டு, புதிதாக ஒன்று கலந்து, இந்த முறை வலது பக்கமாக வந்தாள். "எங்க போயிருந்த?" என்றார். "பால்காரன் வந்தான்" என்றாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. பர்வீனிடம் சொல்லவில்லை, சுபாவிடம் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது. நான் இறந்துபோய்ப் பார்த்தேன் என்றா.

ஹெட்போனில் ஏதோ கேட்டது. இடது பக்கம் மட்டும்தான் ஓடுகிறது, குரலை அமுக்கியிருக்கிறது, ஆனாலும் டிரம்ஸுக்கு அடியில், மிக ஆழத்தில், அந்தப் பையன் பாடிக்கொண்டிருந்தான். நிறுத்தினாள். பின்னால் இழுத்து மறுபடி போட்டாள். இருந்தான். வார்த்தை இல்லை, வார்த்தை முடிகிற இடத்தில் மிஞ்சுகிற மூச்சு மட்டும், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. சுபாவுக்குப் போன் போட்டாள். அவள் ஆபீஸில் இருந்தாள், பக்கத்தில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அது ஒண்ணுமில்லம்மா" என்றாள். "எல்லாரும் ஒரே ரூம்ல நின்னு பாடியிருப்பாங்க. டிரம்ஸுக்கு வச்ச மைக்குல அவன் குரலும் கொஞ்சம் போய் விழுந்திருக்கும். எடுக்க முடியாது அத. அப்பா எப்படி இருக்காரு?"

"தூங்கறாரு."

"நீ எப்படி இருக்க?"

"நான் எங்க, இருக்கேன்."

"என்னம்மா பேச்சு இது."

"குக்கர் சத்தம் கேக்குது, அப்புறம் பேசறேன்" என்று வைத்தாள். குக்கர் எதுவும் இல்லை. ஒரே அறையில்தான் நின்று பாடினார்கள் என்பது அவளுக்கு ஏனோ ஆறுதலாகவும் இருந்தது, தாங்க முடியாததாகவும் இருந்தது. பிரித்தது பின்னால் வந்தவர்கள்தான். அறையில் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள், ஒருவன் வேர்வை இன்னொருவன்மேல் படுகிற தூரத்தில், டிரம்ஸ்காரன் பாடுகிறவனைப் பார்த்துக்கொண்டு, எச்சில் விழுங்க மறந்து. அவனும் இப்போது இருக்க மாட்டான். இருந்தாலும் கிழவனாக, எங்கேயாவது ஒரு சன்னலுக்குப் பக்கத்தில். அவள் டிரம்ஸை வலதுக்கு இழுத்தாள். பேஸை இழுத்தாள். இடது கோடு தட்டையாக, அசையாமல், ஈ.சி.ஜி. அறையில் பார்க்கக் கூடாத கோடு மாதிரி ஆயிற்று, கண்ணை எடுத்துக்கொண்டாள். வலதில் எல்லாரும் சேர்ந்து நின்றார்கள். இடம் இருந்தது. முதல் தடவையாக யாரும் யாரையும் மிதிக்கவில்லை. நன்றாக இருந்தது. தானே செய்ததா என்றுகூடச் சந்தேகம் வந்தது. இதைக் கேட்டால் அவருக்கு டிரம்ஸ் கிடைத்துவிடும், இனி இடது பக்கம் அவருக்கு வேண்டவே வேண்டாம், பர்வீன் சொன்னது அதைத்தான், அவள் சொன்னது சரிதான், சரியாக இருந்தால்தான் என்ன. எத்தனை நாளைக்கு என்று யாருக்குத் தெரியும். இருக்கிற பக்கத்தில் எல்லாம் இருக்கட்டும். தட்டைத் திருப்புகிறோம், நாற்காலியைத் திருப்புகிறோம், கட்டிலில்கூட இனி அந்தப் பக்கம் மாறிப் படுத்துக்கொள்ளலாம், ஒருவர் பாதியாகிவிட்டால் மற்றவர் அந்தப் பாதிக்குள் குடிபோக வேண்டியதுதான். ஆனால் அப்போது அந்தக் கை யாருக்குப் பக்கத்தில் கிடக்கும்?

நாலு மணிக்கு முன்னாலேயே எழுந்துவிட்டார். முகம் கழுவி, லுங்கியைச் சரிசெய்து, இடுப்பைப் பிடித்து நடத்திக்கொண்டுவந்து கூடத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். இடது கையை எடுத்து மடியில் வைத்தாள். வேறு யாரோ ஒருவருடையதை வைப்பதுபோல அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். "பாட்டுப் போடறேன்" என்றாள். "வேணாம், அவன் வெறும்ன பாடறான்" என்றார். "இல்லங்க, டிரம்ஸ் இருக்கு, கேளுங்க." ஆம்பிளிஃபயர் இடது சுவரோரம் இருந்தது, லேப்டாப்பை எடுத்துக்கொண்டுபோய் அதில் சொருகி, பட்டனைத் தட்டிவிட்டு அங்கேயே நின்றாள். வலது பெட்டியிலிருந்து எல்லாரும் ஒன்றாகப் புறப்பட்டு வந்தார்கள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பாதி முகம், காது, கன்னத்தில் சவரம் விட்டுப்போன நரை. டிரம்ஸ் விழுந்ததும் புருவம் உயர்ந்தது. வலது கை நாற்காலிக் கையில் தாளம் போட ஆரம்பித்தது. வந்துவிட்டது அவருக்கு, கொடுத்துவிட்டேன், இனி என்ன நடந்தாலும். அப்போது தாளம் நின்றது. விரல் அந்தரத்தில் நின்றது. பெட்டியை உற்றுப் பார்த்தார், பக்கத்து வீட்டுக்காரன் தன் சட்டையைப் போட்டுக்கொண்டு போவதைப் பார்க்கிற மாதிரி.

"இது தப்பு" என்றார்.

பேசினால் எந்தப் பக்கமிருந்து பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இவன் ஏன் இங்க வந்து வாசிக்கிறான்? இது பாடறவன் எடம்." குரலில் எரிச்சல் இருந்தது, ஒர்க்‌ஷாப்பில் ஒரு கருவியை மாற்றி வைத்துவிட்டால் வருகிற எரிச்சல். "இவன் அங்கல்ல இருக்கணும்."

அங்கே என்று சொல்லிவிட்டு, அந்த வார்த்தைக்குப் பின்னாலேயே அவர் கழுத்து போக ஆரம்பித்தது. மெதுவாக, துருப்பிடித்த கதவைத் தள்ளுகிறவர் மாதிரி, நெற்றி நரம்பு புடைக்க, வலது கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு. சன்னலை விட்டது முகம். வலது பெட்டியை விட்டது. எதிர்ச்சுவர்க் காலண்டரைத் தாண்டியது, சித்திரைக்குப் பிறகு அதைத் தாண்டியதே இல்லை, தாண்டியது, பாதியில் நின்று நடுங்கி, மறுபடியும் நகர்ந்தது. டிரம்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் டிரம்ஸ் இல்லை. அதைத் தேடித்தான் வருகிறார். இத்தனை மாதம் இடது பெட்டி எவ்வளவு இரைந்தாலும் வராதவர், அது ஊமையானதும் அங்கே ஏன் சத்தமில்லை என்று பார்க்க வருகிறார். நகரவும் பயம், நகராமல் நிற்கவும் பயம், பார்வை தன்மேல் பட்டுத் தாண்டிப் போய்விட்டால் என்ன செய்வது, சுவரைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டால். கண் முதலில் பெட்டியின் மரத்தில் விழுந்தது. பிறகு அதன்மேல் வைத்திருந்த அவள் கையில். கையிலிருந்து வளையலுக்கு, வளையலிலிருந்து தோளுக்கு ஏறி வந்தது. இரண்டு கண்ணும், இரண்டு கண்ணும் முழுசாக, அவளைப் பார்த்தன. ஆச்சரியம் எதுவும் இல்லை அதில். அவள்தான் அவரைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்பது போல நின்றாள். அவர் முகம் இரண்டு பக்கமும் உள்ள முகமாக இருந்தது.

"ரெஜி போயிட்டானா?" என்றார்.

"போயிட்டாருங்க. ரெண்டு வருஷமாச்சு."

தலையசைத்தார். பிறகு, "நீ எவ்வளவு நேரமா நின்னுக்கிட்டிருக்க?" என்றார். "கால் வலிக்கப்போவுது. உக்காரு."

ஸ்டூலை இழுத்துப்போட்டு, அங்கேயே, இடது பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவர் மடியிலிருந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் அதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வரிக்குள் அவர் முகம் நழுவத் தொடங்கியது, காலண்டரைத் தாண்டி, வலது பெட்டியைத் தாண்டி, பழைய சன்னலுக்கு. அவருக்கு இப்போது அவள் இருக்கிறாளா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கலாம். கேட்கவில்லை. நாளைக்கு டிரம்ஸை மறுபடியும் இடதுக்கே தள்ளிவிட வேண்டும், இல்லை, அதை எடுத்தே விட வேண்டும், எது சரியென்று பர்வீனைக் கேட்க வேண்டும். வாசலில் யாரோ மணியடித்தார்கள். அவர் முகம் திரும்பிப் போய்விட்ட பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.